அம்மாயிகிட்ட கேக்குறதா, பழைய பேப்பர தேடுறதா?

நாம யாரு, எந்த ஊர்லருந்து வந்தோம்னு தேடத் தொடங்குற இலங்கை மலையகத்து பசங்க நெறைய பேரு எதுல ஆரம்பிக்கிறதுன்னு முழிக்கிறாங்க, அதான் அம்மாயிகிட்ட (அம்மாவோட அம்மா) கேக்குறது, சேட்டிபிகட், பதிவு மாதிரி பழைய பேப்பர தேடுறது, ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுதுறேன்.

செலவு:
அம்மாயி – ஒரு பிளேன்டி (பால் இல்லாத டீ), ஒரு சாயந்தரம்.
பேப்பர் – பஸ் காசு, பிரதிக்கு கட்டணம், ஒரு நாள் பேரும் (தோட்டத்து நாள் சம்பளம்) போயிரும்.

நம்பிக்கை:
அம்மாயி – வருஷம் கொழம்பும், ஆனா தமிழ்நாட்டுல துறையூர் பக்கம்னு ஊரு, கொலசாமி, யாரு யாருக்கு பங்காளி, இதெல்லாம் பிசகாது.
பேப்பர் – தேதி இருக்கும், பேரு தான் சிக்கல். எழுதுனவரு காதுல விழுந்தத எழுதிருப்பாரு, ஒரே ஆளு பர்த் சேட்டிபிகட்ல காளியம்மா, ஐசில (அடையாள அட்டையில) காளியாயி.

இன்னொண்ணு, பேப்பர் இல்லன்னா நாம இல்லன்னு நெனச்சிராதீங்க. 1948 குடியுரிமைச் சட்டம் அப்பா, இல்லன்னா அப்பா வழி முன்னோர் இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டுச்சு, தோட்டத்துல அப்ப எத்தன பேரு பொறப்ப பதிஞ்சாங்க, லட்சக்கணக்குல நாடில்லாதவங்களா ஆனாங்க. 1964ல இலங்கை பிரதமர் சிறிமாவோவும் இந்திய பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர இந்தியாவுக்கு, 3,00,000 பேர இங்கன்னு பிரிச்சதுல கூடப்பொறந்தவங்களே ரெண்டு கரைக்கு போனாங்க, அந்தப் பிரிவ எந்த ரெஜிஸ்டரும் சொல்லாது.

பாஸ்போட், காணி உறுதி (நிலப் பத்திரம்), கேஸுன்னா பேப்பர் தான், வேற வழியில்ல. நம்ம வேரு தெரியணும்னா மொதல்ல அம்மாயி, போன்ல ரெக்கோட் பண்ணிக்கங்க, அவங்க சொல்ற தோட்டம், டிவிஷன் (தோட்டத்துப் பிரிவு) பேர வச்சு பொறகு கந்தோருக்கு (ஆபீசுக்கு) போனா தேடுறதும் லேசு.