நர்ஸிங் பதிவுக்கு டேப்லெட்: மூன்று ஆண்டு அனுபவம்

வேளச்சேரிக்கு அருகே முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். முப்பத்திரண்டு படுக்கைகள். பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோயாளிகள், இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் போனவர்கள்தான் அதிகம். 2022இல் எங்கள் நோட்டுகளுக்குப் பதிலாக டேப்லெட் கணினி வந்தது.

மருந்துப் பதிவுக்கு இனி நோட்டைத் தொடமாட்டேன். நேரம் தப்பினால் நோயாளியின் பெயர் சிவப்பாகிவிடுகிறது. யார், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்பதும் பதிவாகிறது. ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) ஊற்றிய கஞ்சியின் அளவையும், சிறுநீர்ப் பையில் இறங்கியதையும் உள்ளிட்டால் 24 மணி நேரக் கணக்கை அதுவே கூட்டித் தருகிறது. விடியற்காலை கண் எரிய எரியக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோல் பதிவில்தான் எனக்குத் தீராத மனக்குறை. ‘முந்தைய பதிவை நகலெடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டிக்கு பிரேடன் மதிப்பெண் 12. உணர்வு, ஈரம், நடமாட்டம், உணவு உள்ளிட்ட ஆறு தலைப்புகளில் 6 முதல் 23 வரை போடும் கணக்கு அது. எண் குறையக் குறையப் படுக்கைப்புண் ஆபத்து கூடும். 12 என்றால் அதிக ஆபத்து. மதிப்பெண்ணைச் சரியாகவே கூட்டிய அதே டேப்லெட், அடுத்த திரையில் ‘தோல்: இயல்பு’ என்பதை மூன்று நாள் நகலெடுக்க விட்டது. அதில் ஓர் இரவு நகலெடுத்தவள் நான்.

நான்காம் இரவு ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது பாட்டி, “பின்னால் எரிகிறதம்மா” என்றார். வால் எலும்பின்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுக்கவில்லை; படுக்கைப்புண் தொடங்கியதன் அடையாளம் அது. நடுவில் மேல்தோல் உரிந்திருந்தது. முதல் நிலையில் பிடித்திருக்க வேண்டியதை இரண்டாம் நிலையில் பார்த்தோம். ஆற ஐந்து வாரம் ஆயிற்று.

காலையில் விசாரித்தபோது, குளிப்பாட்டும் ஆயா இரண்டு நாள் முன்பே ட்யூட்டி நர்ஸிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது தெரிந்தது. ஆயாவுக்கு லாகின் கிடையாது. புடவை மாற்றுபவர், புரட்டிப் போடுபவர், கஞ்சி எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பவர் அவர்தான். பார்க்கிற கண் ஓரிடம், எழுதுகிற கை வேறிடம் என்று ஆக்கிவைத்தால் பதிவு எப்படி உண்மையாக இருக்கும்? நோட்டு இருந்த காலத்தில் ஆயாக்கள் சொல்லச் சொல்ல ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்வோம். டேப்லெட்டில் ஓரம் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாமல் காகிதத்தில்தான் எழுதினோம். கரண்ட் வந்ததும் ஏற்றினால், உள்ளிட்ட நேரத்தையே மருந்து கொடுத்த நேரமாகக் காட்டியது. தாமதப் பதிவில் செய்த நேரம், எழுதிய நேரம் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். பலமுறை கேட்டபின் மென்பொருள் நிறுவனம் இதைத் திருத்தித் தந்தது. நகல் பொத்தான் இன்னும் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு தாள் தொங்குகிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிய பக்கம், தோல் எப்படி இருந்தது, யார் பார்த்தது என்று தமிழில் ஆயாக்களே எழுதுகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியின் முதுகையும் பார்த்த பிறகே டேப்லெட்டில் ஏற்றுகிறோம். இரட்டை வேலைதான். வாங்க நினைக்கும் இல்லத்தார் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: தோல் பதிவில் நகல் பொத்தானை எடுக்க முடியுமா, ஆயாக்களுக்குத் தமிழில் லாகின் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் மற்றதைப் பேசலாம்.