மாநிலப் புகாரா, டியூ ப்ராசஸ் விசாரணையா? அமெரிக்காவில் சிறப்புக் கல்வி உரிமைக்கு எந்தக் கதவைத் தட்டுவது

ஐஇபியில் (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கென்று பள்ளி எழுதித்தரும் தனித் திட்டம்) வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி என்று எழுதியிருக்கிறது, ஆனால் பாதி வகுப்புகூட நடக்கவில்லை. இது ஒரு வகைச் சிக்கல். பிள்ளைக்குத் தனி உதவியாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்க, தேவையில்லை என்று ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) மறுப்பது முற்றிலும் வேறு. இரண்டுக்கும் ஒரே மனு போட்டால் மாதங்கள்தான் வீணாகும்.

எழுதிக்கொடுத்ததைச் செய்யாத பள்ளிக்கு மாநிலக் கல்வித் துறையிடம் புகார் கொடுப்பதே சரி. கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. துறை விசாரித்து 60 நாளுக்குள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். தவறிய வகுப்புகளுக்கு ஈடு தரும்படி உத்தரவிடவும் முடியும். மீறல் கடந்த ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும்.

பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, எந்த விதி மீறப்பட்டது, நடந்தது என்ன, நீங்கள் கேட்கும் தீர்வு, உங்கள் கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் புகாரில் இருக்க வேண்டும். அதே நேரத்தில் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். "சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்காது. "செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 5 வரை நடக்க வேண்டிய 24 அமர்வுகளில் 5 மட்டுமே நடந்தன" என்று எழுதுங்கள். அமர்வுப் பதிவுகளைப் பள்ளியிடம் கேளுங்கள். 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும்.

ஐஇபியில் என்ன இருக்க வேண்டும் என்பதே சண்டை என்றால் டியூ ப்ராசஸ், அதாவது நடுநிலை அதிகாரி முன் நடக்கும் முறையான விசாரணைதான் வழி. பெரும்பாலான மாநிலங்களில் கெடு இரண்டு ஆண்டு. இது நீதிமன்றம் மாதிரி: சாட்சி, ஆவணம், குறுக்கு விசாரணை. கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்று 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நியூஜெர்சி தன் சட்டத்திலேயே அந்தச் சுமையை டிஸ்ட்ரிக்ட் மீது வைத்திருக்கிறது. அதனால் நியூஜெர்சியின் எடிசன் நகரப் பெற்றோரின் கணக்கு வேறு, டெக்சாஸ் பெற்றோரின் கணக்கு வேறு. வென்றால் வக்கீல் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம், நிபுணர் கட்டணம் கிடைக்காது. மனு போன 15 நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் தீர்வுக் கூட்டம் கூட்டும். அதற்கு நீங்கள் போகாமல் இருந்தால் மனுவே தள்ளுபடியாகலாம்.

இந்த வழியின் பெரிய பலம் 'ஸ்டே புட்'. வழக்கு முடியும்வரை பிள்ளையை இப்போதிருக்கும் வகுப்பிலிருந்து மாற்ற முடியாது. மாநிலப் புகாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிள்ளையை இடம் மாற்றப்போகிறார்கள் என்றால் புகார் எழுதி நேரத்தைக் கரைக்காதீர்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டையும் போட்டால், டியூ ப்ராசஸ் விசாரணை முடியும்வரை அந்தப் பகுதியைத் துறை ஒதுக்கிவைத்துவிடும்.

மூன்றாவது வழியான மீடியேஷன் (நடுவர் உதவியோடு பேசித் தீர்ப்பது) இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே நடக்கும். செலவு மாநிலத்துடையது. கையெழுத்திட்ட உடன்பாடு நீதிமன்றத்தில் செல்லும். பேச்சு நடக்கிறது என்பதற்காக மேலே சொன்ன ஓராண்டு, இரண்டு ஆண்டுக் கெடுக்கள் நிற்காது.

எந்த வழியானாலும், பள்ளி வாய்மொழியாக மறுத்ததும் காரணத்தோடு 'ப்ரையர் ரிட்டன் நோட்டீஸ்' (மறுப்பை எழுத்தில் தெரிவிக்கும் அறிவிப்பு) தரச் சொல்லி அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐஇபி கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை.