ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர்: நீண்டகாலப் பயன்பாடும் அதன் விலைக்குப் பின்னாலிருந்த போட்டியும்

கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 2024 மார்ச்சில் வாங்கிய என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டில்தான், கட்டட வடிவமைப்பாளர்களுக்கான உள்ளரங்கக் காட்சிகளைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்து, அதாவது நிஜப் படம்போல் உருவாக்கிக் கொடுத்து வருகிறேன். வேலை இல்லாத இரவுகளில் அதே கார்டில் 4கே திரையில் விளையாடுவதும் உண்டு. வேகம், சூடு, சத்தம் மூன்றிலும் எனக்கு நிறைவுதான். ஆனால் நான் வாங்காத, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஒரு கார்டு அன்று சந்தையில் இருந்ததால்தான் இதை இந்த விலைக்கு வாங்க முடிந்தது என்பது என் உறுதியான கருத்து.

2020இல் 699 டாலருக்கு வந்த என்விடியாவின் முந்தைய தலைமுறைக் கார்டான 3080இன் இடத்தில், 2022 நவம்பரில் 4080 வந்தபோது அதன் விலை 1199 டாலர். அடுத்த மாதமே ஏஎம்டி, 24 ஜிபி மெமரியுடன் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸை 999 டாலருக்கு இறக்கியது. 2024 ஜனவரி இறுதியில் 4080 சூப்பர் வந்தபோது, என்விடியாவும் அதே 999 டாலருக்கு இறங்கி வந்தது. டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்து 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால், அந்த 200 டாலர் வித்தியாசம் நமக்குச் சுமார் 19,500 ரூபாய். இது புதிதும் அல்ல: 2008இல் ஏஎம்டியின் ரேடியான் எச்டி 4870 வெறும் 299 டாலருக்கு வந்ததும், 649 டாலருக்கு அறிமுகமான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280 சில வாரங்களிலேயே 499க்கு இறங்கியது. கார்டை எடுத்துக் கொடுத்த தமிழ்க் கடைக்காரர், "டாலர் ரேட்டை மட்டும் பார்க்காதீங்க சார், எதிர்ல நிக்கிற கார்டு என்ன விலைன்னு பாருங்க, அப்பதான் இது இறங்குமா ஏறுமான்னு தெரியும்" என்றார். இந்தச் சந்தையைப் பற்றி நான் கேட்டவற்றில் அதுவே மிகத் தெளிவான விளக்கம்.

அப்படியானால் அந்த 24 ஜிபி கார்டையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். விளையாட மட்டும் என்றால் தாராளமாக வாங்கியிருக்கலாம். ஆனால் பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ், என்விடியா கார்டில் அந்நிறுவனத்தின் ஆப்டிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகவும், ஏஎம்டி கார்டில் அதன் ஹிப் என்ற மென்பொருள் வழியாகவும் ஓடுகிறது. ஒரே விலைக் கார்டுகளை ஒப்பிட்டால் ஆப்டிக்ஸ் வெகுவாக முந்திவிடுகிறது. ஆகவே தொழிலுக்கு வாங்குகிறவர்களுக்குக் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தாலும் தேர்வு ஒன்றுதான். உயர்விலைச் சந்தையில் போட்டி பலவீனமாக இருப்பதற்குச் சிப்பின் வேகத்தைவிட, என்விடியா கார்டுகளில் கணக்கீடுகளை ஓட்டும் தளமான குடாவைச் (CUDA) சுற்றிப் பல ஆண்டுகளாக வளர்ந்திருக்கும் மென்பொருள்களே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கார்டின் எல்லை 16 ஜிபி மெமரி. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தை மரங்கள், புல்வெளி, 4கே டெக்ஸ்சர்களோடு (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைக்கும்போது மெமரி அளவு 15 ஜிபியைத் தாண்டுவது திரையிலேயே தெரியும். அதற்கு மேல் போனால் கணினியின் ரேமை நாட வேண்டியிருப்பதால், அதுவரை சீராக ஓடிய ரெண்டர் தள்ளாடத் தொடங்கிவிடும். தொலைவில் நிற்கும் மரங்களின் டெக்ஸ்சரை 1கே அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிறது.

நாளாக நாளாகக் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். குறைந்த தெளிவில் உருவாக்கிய விளையாட்டுக் காட்சியை ஏஐ மூலம் கூர்மையாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு 2025 ஜனவரியில் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய ஏஐ மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கொடுக்கப்பட்டதால், வேகமாக நகரும் காட்சிகளில் கம்பி வேலிகளும் இலைகளும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. இதற்குப் போட்டியான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 அறிமுகமானபோது அதன் புதிய ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டுமே கிடைத்தது.

அதே 2025இல் எதிரில் ஆள் இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தோம். உச்ச விலைப் பிரிவைவிடச் சந்தைப் பங்கைப் பெருக்குவதே முக்கியம் என்று ஏஎம்டியின் கிராபிக்ஸ் பிரிவுத் தலைவர் ஜாக் ஹுவின் 2024 செப்டம்பரில் சொல்லியிருந்தார். அதன்படியே ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 599 டாலரோடு நின்றுகொண்டது. மேலே புதிய தலைமுறையின் உச்சக் கார்டான 5090க்கு என்விடியா வைத்த விலை 1999 டாலர், மெமரி 32 ஜிபி. அதற்கு அடுத்த 5080, 999 டாலருக்கு அதே 16 ஜிபியோடுதான் வந்தது. கணக்கிடும் கோர்களின் எண்ணிக்கையும் 5090இல் இருப்பதில் பாதிதான். என் கார்டைவிட அது சற்றே வேகமானது, அவ்வளவே. இடையில் 24 ஜிபியோடு ஒரு கார்டை வைக்கும்படி என்விடியாவை நெருக்க யாரும் இல்லை.

இன்று விளையாட்டுக்காக மட்டும் வாங்குபவர்கள் 9070 எக்ஸ்டியையும் 749 டாலர் அறிமுக விலை கொண்ட என்விடியாவின் 5070 டிஐயையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை கேளுங்கள்; பேரம் பேச இடமிருப்பது அங்குதான். 4080 சூப்பர் வைத்திருப்பவர்கள் 5080க்கு மாற வேண்டிய அவசியமே இல்லை. ஆப்டிக்ஸுக்கு ஈடான ரெண்டர் வேகத்தோடு ஒரு 24 ஜிபி கார்டை ஏஎம்டியோ இன்டெலோ 1000 டாலருக்குள் கொண்டுவந்தால், நான் அதைத் தயங்காமல் வாங்குவேன்.