ஜிபி எஸ்ஸே கிளாஸ்: ரெண்டாம் நாளுக்கு மட்டும் காசு குடுக்கலாம்

பொண்ணு இங்க சிங்கப்பூர்ல ஜேசி (ஜூனியர் காலேஜ்) ரெண்டாம் வருஷம், ஜிபில (ஜெனரல் பேப்பர், பொது விஷயங்கள வச்சு எஸ்ஸே எழுதுற பாடம்) எப்பவும் இழுபறிதான், அதான் ஜூன் லீவுல பியூட்டி வேர்ல்ட் பக்கம் ஒரு டியூஷன் சென்டர்ல நாலு நாள் எஸ்ஸே கிளாஸ் சேத்துவிட்டேன். 480 வெள்ளி. பேரு சொல்லல, கீழ திட்டப்போறேன்ல.

முதல் நாள் ஒரு கட்டு போட்டோகாப்பி குடுத்து உதாரணமெல்லாம் மனப்பாடம் பண்ணுன்னு விட்டுட்டாங்க. இதுக்கா காசுன்னு கடுப்பாயிட்டேன்.

ரெண்டாம் நாள்தான் தீசிஸ், அதாவது எஸ்ஸே மொத்தமும் எதுக்காக வாதாடுதுன்னு சொல்ற ஒரு வரி. சின்ன நாடு எப்பவும் பக்கத்து நாட்ட நம்பித்தான் வாழணுமான்னு கேள்வி. இவ எழுதுனது, "இதுல சாதகமும் உண்டு பாதகமும் உண்டு, ரெண்டையும் பாக்கலாம்". வாத்தியார் கீழ செவப்பு பேனால "சரிம்மா, நீ என்ன சொல்ற?"ன்னு எழுதி விட்டுட்டாரு. எனக்கு சிரிப்பு தாங்கல, வீட்டுல எங்க சாப்பிடப் போலாம்னு கேட்டாலும் இவ இதே பதில்தான் சொல்லுவா.

தீசிஸ்னா படிக்கிறவன் யாராச்சும் "அதெப்படி"ன்னு சண்டைக்கு வரணும், வரலன்னா அது வெறும் தகவல்னு சொன்னாராம். கேள்வில "எப்பவும்"னு ஒரு வார்த்தை கெடக்கே அத ஏன் கண்டுக்கலன்னும் கேட்டிருக்காரு. அப்புறம் நம்ம தண்ணிக் கதைய எடுத்திருக்காங்க, 1962 ஒப்பந்தப்படி மலேசியாவுல இருக்குற ஜொகூர் ஆத்துல ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் எடுக்கலாம், 2061ல அது முடியுது, ஆனா 2003லயே கழிவுத்தண்ணிய சுத்திகரிச்ச நியூவாட்டர் வந்தாச்சு. அத வச்சு இவ மாத்தி எழுதுனது: "பக்கத்து நாட்ட நம்பித்தான் ஆகணும், ஆனா கையில வேற வழி இருக்குற வரைக்கும்தான் அது சரிக்குச் சரி உறவு, இல்லன்னா கையேந்துறது." இதுக்கப்புறம் எந்தப் பத்தில என்ன வரணும்னு அவளுக்கே தெரிஞ்சிருச்சு. பரீட்சைல ஒன்றரை மணி நேரத்துல 500லேருந்து 800 வார்த்தை, அதுல முதல் பத்து நிமிஷம் இந்த ஒரு வரிக்கே ஒதுக்குறா இப்பல்லாம்.

இனி திட்டு. கிளாஸ்ல 22 பிள்ளைங்க. கடைசி நாள் எழுதுன எஸ்ஸேய ஒரு வாரத்துல திருத்தித் தர்றோம்னாங்க, அஞ்சு வாரம் ஆச்சு, வந்தப்ப நாலு டிக்கும் 27ன்னு ஒரு நம்பரும்தான், தீசிஸ் பத்தி ஒரு எழுத்து இல்ல. கவுண்டர்ல கேட்டா "சார் பிஸி லா"ங்குறாங்க.

மூணு ஸ்டார், மூணும் அந்த வாத்தியாருக்கு. பிரிலிம்முக்கு (பெரிய பரீட்சைக்கு முந்தி ஸ்கூல்ல வைக்கிற பரீட்சை) முன்னாடி அடுத்த பேட்ச் இருக்குன்னு நேத்து மெசேஜ் வந்துச்சு. ரெண்டாம் நாள் மட்டும் தனியா தருவீங்களான்னு கேட்டேன். புளூ டிக் விழுந்துருச்சு, பதிலக் காணோம்.