பெட்ரோல் பட்டாலும் உரியாத பெயிண்ட்: பழைய அம்பாசடர் என்ஜினுக்கு எது சரி?

பெயிண்ட் கடையில் "என்ஜினுக்கு ஒரு நல்ல பெயிண்ட் கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் 600 டிகிரி தாங்கும் என்று அச்சிட்ட சில்வர் டப்பா ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். 1972 மார்க் 2 அம்பாசடரின் என்ஜினை முழுக்கப் பிரித்து, கழுவி, பளபளவென்று அடித்து மாட்டினேன். மூன்றாவது வாரம் கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டு பெட்ரோல் வழிந்தது. அது ஓடிய தடம் முழுக்கப் பெயிண்ட் குழைந்து, துணியால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பெயிண்டிடம் தப்பில்லை. வெப்பம் தாங்குவது ஒரு குணம், பெட்ரோல் தாங்குவது இன்னொரு குணம் என்று எனக்குத் தெரியாததுதான் காரணம்.

அம்பாசடரில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். அதன் 1489 சிசி என்ஜின், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் வகை. அதில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம். எஸ்.யு. என்ற பிராண்டு கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பதே, புகையை வெளியேற்றும் இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில்தான். ஒரு சாண் இடைவெளிக்குள் பெட்ரோல் சொட்டும் இடமும் உண்டு, நெருப்பாய்க் கொதிக்கும் இரும்பும் உண்டு. ஒரே டப்பாவால் இரண்டையும் மூட நினைத்தால் ஏதாவது ஒன்று தோற்றுத்தான் தீரும்.

இப்போது ஊற்றுகிற பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வந்தது. 2025-க்குள் நாடு முழுக்க ஏறக்குறைய அதுதான் என்றாகிவிட்டது. எத்தனாலே ஒரு கரைப்பான். முன்பு பெட்ரோல் பட்டும் பிழைத்துக் கிடந்த பழைய பெயிண்ட் சில இன்று இளகுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே "எங்க அப்பா காலத்துல இதைத்தானே அடிச்சோம்" என்ற கணக்கு இனி உதவாது.

முதலில் விலை குறைந்த இரண்டைப் பார்ப்போம். டக்கோ என்று பட்டறைகளில் சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. உள்ளே எந்த ரசாயன மாற்றமும் நடப்பதில்லை. எந்தத் தின்னரில் கரைந்து வந்ததோ அதுபோன்ற ஒன்று மறுபடி பட்டால் மறுபடி கரையும். என்ஜின் பக்கமே இதைக் கொண்டுபோக வேண்டாம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற சிந்தெடிக் எனாமல் இதைவிடக் கொஞ்சம் மேல். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். மறுநாளே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பெட்ரோல் பட்டால் சுருங்கி எழும்பிவிடும். முழுக்க இறுகிய பிறகும் பட்ட உடனே துடைத்தால் தப்பிக்கும், ஊறவிட்டால் தப்பிக்காது.

அடுத்து அந்த 600 டிகிரி சில்வர். இது சிலிக்கோன் பிசினில் அலுமினியப் பொடி கலந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இதை அடித்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை. ஆனால் சிலிக்கோன் சரியாக இறுக ஏறக்குறைய 200 டிகிரி சூடு வேண்டும். மேனிஃபோல்டு தானாகவே அந்தச் சூட்டை எட்டிவிடும். என்ஜின் பிளாக்கை உள்ளே ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரி பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. அதாவது பிளாக்கில் அடித்த சில்வர், வண்டி எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் வேகாத மாவாகவே கிடக்கும். எனக்கு நடந்தது இதுதான். டப்பாவில் உள்ள டிகிரி கூடக் கூட பெட்ரோல் தாங்கும் சக்தியும் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும்.

என்ஜின் எனாமல் என்றே பெயர் போட்டு ஸ்ப்ரே டப்பாவில் வருவது வேறு ரகம். வி.எச்.டி., டூப்ளி-கலர் போன்ற அமெரிக்கப் பெயர்கள் இதில் பிரபலம். 260 டிகிரி பக்கம் தாங்கும். அடிப்பது எளிது, கம்ப்ரசர் வேண்டாம். டேப்பட் கவர், வாட்டர் பம்ப், டைனமோ பிராக்கெட் போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் பெட்ரோல் தாங்க வேண்டுமென்றால் சூடு காட்டி இறுக்கியாக வேண்டும். வி.எச்.டி. டப்பாவில் 93 டிகிரியில் 20 நிமிடம் என்று போட்டிருக்கும். பலரும் இந்த வரியைப் படிக்காமல் மாட்டிவிட்டு, பிறகு பெயிண்டைக் குறை சொல்கிறார்கள். அடுத்த கோட் எப்போது அடிக்கலாம் என்று டப்பாவில் உள்ள நேரத்தையும் மீற வேண்டாம். பாதி காய்ந்ததன் மேல் அடித்தால் தோல் சுருங்கியது போல் ஆகிவிடும்.

ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரண்டு ரகங்களுக்கு வந்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. எபாக்ஸியும் சரி, பி.யு. என்கிற பாலியூரித்தேனும் சரி, ஹார்டனரோடு சேர்ந்து ஒரே வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பின்னிய வலையைப் பெட்ரோலால் மறுபடி கரைக்க முடியாது. மிஞ்சிப்போனால் கொஞ்சம் ஊத வைக்கும், ஆவியானதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டில் எது? பெட்ரோலை மட்டும் கணக்கில் எடுத்தால் என் ஓட்டு எபாக்ஸிக்கு. இரும்பைப் பிடித்துக்கொள்வதிலும் அதுவே முந்தி நிற்கிறது. வெயிலில் வெளுத்து மாவாகும் என்ற அதன் பெரிய குறை பானெட்டுக்கு அடியில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சூட்டில் நாளடைவில் மஞ்சளடிக்கும். அடர் பச்சை, கறுப்பு போன்ற நிறத்தில் தெரியாது, வெளிர் நிறம் என்றால் கண்ணை உறுத்தும். பி.யு. நிறத்தையும் பளபளப்பையும் காக்கும், சிறு அடி பட்டாலும் தெறிக்காது. அதனால் பெட்ரோல் பம்ப் இருக்கும் பக்கம், கார்புரேட்டருக்குக் கீழ்ப்பகுதி, டேங்கின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பி.யு. அடிப்பதே நான் இப்போது செய்வது. செலவு கூடும், கலந்த பெயிண்டை சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், முழுக்க இறுகும்வரை ஒரு வாரம் வண்டியைத் தொடக்கூடாது. ஆனாலும் இரண்டு முறை பெட்ரோல் வழிந்தும் இன்றுவரை ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பி.யு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பெயின்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி இல்லாத பட்டறை என்றால், பி.யு. வேண்டாம். எபாக்ஸியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடி, கையுறை, காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

பவுடர் கோட்டிங்கையும் சிலர் கேட்கிறார்கள். ஏர் கிளீனர் கூடு, தகட்டு டேப்பட் கவர், பிராக்கெட் எல்லாவற்றுக்கும் மிக நன்றாக வரும், பெட்ரோலும் ஒன்றும் செய்யாது. ஆனால் 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் வைத்து எடுப்பார்கள். ஈயப்பற்று வைத்து ஒட்டிய டேங்கை அனுப்பினால் பற்று அங்கேயே உருகிவிடும். பல வருஷம் எண்ணெய் குடித்த வார்ப்புப் பாகங்களில் அந்த எண்ணெய் கிளம்பிக் கொப்புளமாக எழும்பும்.

கார்புரேட்டருக்கு என்ன அடிப்பது என்றால், ஒன்றும் அடிக்காதீர்கள். எஸ்.யு.வின் உடம்பு வெறும் அலுமினியமாகத்தான் வந்தது, சுத்தம் செய்து அப்படியே விடுவதுதான் அழகு. ஃப்ளோட் கிண்ணத்தின் உட்புறம் பெயிண்ட் படவே கூடாது. ஒரு செதில் உரிந்தாலும் நேராக ஜெட்டுக்குள் போய் அடைக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு தகரத் துண்டில் அடித்து, டப்பாவில் சொன்னபடி முழுக்க இறுகவிடுங்கள். பங்க்கில் வாங்கிய அதே பெட்ரோலில் பஞ்சை நனைத்து வைத்து, ஆவியாகாமல் ஒரு மூடியால் கவிழ்த்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அடுப்பும் மின்சார ஸ்விட்சும் இல்லாத வெளி இடமாக இருக்கட்டும். காலையில் நகத்தால் கீறிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அந்த டப்பா என்ஜினுக்கு வேண்டாம். இன்னொரு துண்டில் பிரேக் ஆயிலையும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெட்ரோலுக்கு அசையாத பெயிண்டும் அதற்கு இளகலாம், அதனால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் எது சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது நல்லது.