கஸ்காஸ்கியாவா, செயின்ட் ஜெனிவீவா?

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் எதிரெதிர் கரைகளில் இருந்த பிரெஞ்சுக் குடியிருப்புகள் இவை. இரண்டில் எது பிடிக்கும் என்பதுதான் கேள்வி. 1703-இல் உருவான கஸ்காஸ்கியாதான் மூத்தது. அங்கே அரைத்த கோதுமை மாவு படகேறி நியூ ஆர்லியன்ஸ் வரை போனது. ஜெனிவீவுக்கு வயலோடு உப்பும் ஈயமும் கைகொடுத்தன. இரண்டு ஊரிலும் வேலையின் பெரும் சுமை அடிமைகளின் தோளில்தான். அதை விட்டுவிட்டு இந்த ஊர்களைப் பற்றிப் பேசவே கூடாது.

சரி, ஆறு? 1785 வெள்ளத்துக்குப் பிறகு ஜெனிவீவ்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்புறம் கட்டிய சில வீடுகள் இன்றும் நிற்கின்றன: மரத்தூண்களை நெருக்கமாக மண்ணில் நட்டு, இடுக்கில் களிமண் கலவை அடைத்த சுவர்கள். கஸ்காஸ்கியா தாழ்விலேயே இருந்தது. 1881-இல் ஆறு தடம் மாறி, பழைய ஊரை மெல்ல விழுங்கியது. 1741-இல் பிரான்ஸில் வார்த்த தேவாலய மணி தப்பியது. எனக்கு ஜெனிவீவ்தான்.