எஃப்-1 விசா நேர்காணல்: ஆலோசனை நிறுவனத்தை நம்பி 85,000 ரூபாயை இழந்தேன்

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்காக எஃப்-1 என்ற மாணவர் விசா நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள், எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதை முழுமையாகப் படியுங்கள். இந்த வாரம் என் விசா மறுக்கப்பட்டது. 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்காக நிரப்பிய டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவத்தில், அந்த நிறுவனம் என் பெயரில் ஒரு பொய்யை எழுதி அனுப்பியிருக்கிறது. புகார் கொடுக்கவிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. மாணவர்களை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும், சுவர் முழுக்க விசா கிடைத்தவர்களின் புகைப்படங்களை ஒட்டி வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த நிறுவனம் அது.

படிவம் நிரப்புவது, நேர்காணலுக்கு விரைவில் தேதி வாங்கித் தருவது, மாதிரி நேர்காணல் நடத்துவது, விசா மறுக்கப்பட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவது ஆகிய நான்குக்கும் சேர்த்துத்தான் 85,000 ரூபாய் என்றார்கள். விசா விண்ணப்பக் கட்டணமான 185 டாலரும், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான கட்டணமான 350 டாலரும் இதில் சேராது. அவற்றை நாங்கள் தனியாகக் கட்டினோம்.

அவர்களை நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. நம்மில் பலரைப் போலவே என் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தை வாங்கிப் பார்த்த உரிமையாளர், அதில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராக ஏறியிருந்ததை உடனே கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால் நம் பெயரே குடும்பப் பெயர் இடத்துக்குப் போகும், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று வரும், இரண்டு ஆவணமும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல் என்று பொறுமையாக விளக்கி, திருத்தம் கேட்டு எழுத வேண்டிய மின்னஞ்சலையும் தாமே தட்டச்சு செய்து தந்தார். "நீங்க கவலையே படாதீங்கம்மா, உங்க ஃபைல் இனிமே என் பொறுப்பு" என்றார். இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர் கையில் ஒப்படைத்தால் எதுவும் தவறாது என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியிலிருந்து 85,000 ரூபாயை அனுப்பினார். ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும்தான் இருந்தது.

என் அக்கா அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார் என்பதையும் சேர்த்து எல்லா விவரங்களையும் எழுதிக் கொடுத்தேன். நிரப்பிய படிவத்தைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அனுப்பியாகிவிட்டது, உறுதிப்பக்கம் இருந்தால் போதும் என்றார்கள். உறுதிப்பக்கத்தில் நம் பெயர், புகைப்படம், கடவுச்சீட்டு எண், பட்டைக்குறி போன்றவைதான் இருக்கும். நம் பெயரில் என்னென்ன பதில்கள் போயிருக்கின்றன என்பது அதில் இருக்காது. மின்னணுக் கையொப்பத்தை விண்ணப்பதாரர்தான் இட வேண்டும் என்பது விதி. என் கடவுச்சீட்டு எண்ணைப் போட்டு அதையும் அவர்களே இட்டிருக்கிறார்கள்.

நேர்காணல் என்பது கண்ணாடிச் சாளரத்தின் முன் நின்றுகொண்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒன்று. எந்தப் பல்கலைக்கழகம், ஏன் இந்தப் பாடம், செலவை யார் ஏற்கிறார்கள் என்பது வரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு, உடன்பிறந்தவர்கள் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். அக்கா இருக்கிறார் என்றேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, படிவத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். ஆலோசனை நிறுவனம்தான் நிரப்பியது என்று சொன்னேன். படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்விக்கும் இல்லை என்றே பதில் இருக்கிறது என்றார். அதற்கு மேல் நான் சொன்ன எதையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கடவுச்சீட்டோடு, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின் கீழ், அதாவது விசாவுக்கான தகுதியை நிரூபிக்கவில்லை என்று, மறுப்பு என்ற தாளும் கைக்கு வந்தது.

214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. புதிய படிவம் நிரப்பி, 185 டாலரை மீண்டும் கட்டி விண்ணப்பிக்கலாம். என்னை அதைவிட அச்சுறுத்துவது வேறொன்று. முக்கியமான உண்மையை வேண்டுமென்றே திரித்துச் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால், 212(ஏ)(6)(சி)(ஐ) பிரிவின் கீழ் வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதியில்லாமல் போய்விடும். என் மீது அந்தப் பிரிவு பாயவில்லை. ஆனாலும் நான் எழுதாத ஒரு பொய், என் கையொப்பத்தோடு தூதரகத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

அன்று மாலையே நிறுவனத்துக்குப் போனோம். அங்கிருந்த ஊழியர் கொஞ்சமும் தயங்காமல், "அக்கா இருக்காங்கன்னு போட்டா ரிஜெக்ட் ஆயிடும்மா, அதனால எல்லாருக்கும் 'நோ'தான் போடுவோம். நீங்க ஏன் அங்க போய் இருக்காங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். எல்லாருக்கும் என்றால், எத்தனை மாணவர்கள் இது தெரியாமலே அந்தச் சாளரத்தின் முன் போய் நிற்கப்போகிறார்கள்? இதை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

உரிமையாளர் அன்றும் கூட்டத்தில் இருந்தார், மறுநாளும் கூட்டத்தில்தான் இருந்தார். ஒருவழியாகத் தொலைபேசியில் கிடைத்தவர், பணத்தைத் திருப்பித் தருவதாகத் தான் சொல்லவே இல்லை, அடுத்த முறை இலவசமாக நிரப்பித் தருகிறேன் என்றார். அப்பா குரலை உயர்த்தியதும் ரசீதைப் படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் எங்கள் எண்ணை முடக்கிவிட்டார்கள். நேர்காணல் முன்பதிவுக் கணக்கு அவர்களுடைய மின்னஞ்சலில் இருக்கிறது. புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் கடவுச்சொல்லைத் தருவார்களாம். 85,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, நான் மீண்டும் விண்ணப்பிக்கும் வழியையும் அவர்களே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எப்படித் தயாராக வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருமாறு பல்கலைக்கழகத்துக்கு இன்றிரவே எழுத வேண்டியிருப்பதால் அவசியமானதை மட்டும் சொல்கிறேன். டிஎஸ்-160 படிவத்தை நீங்களே நிரப்புங்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பதில்களையும் காட்டும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். முன்பதிவுக் கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே தொடங்குங்கள். விரைவில் தேதி வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவசரத் தேதிக்கான கோரிக்கையை அதே கணக்கிலிருந்து கட்டணமின்றி நீங்களே வைக்கலாம். தானியங்கி மென்பொருள் மூலம் எடுக்கப்பட்ட சுமார் 2000 முன்பதிவுகளை 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது. பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்குறுதியை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட நிறுவனத்திடம் படிவத்தை ஒப்படைத்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருப்பவர்கள், இன்றே போய்ப் படிவத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். உடன்பிறந்தவர்கள் பற்றிய கேள்வியையும், உதவியவர் யார் என்ற கேள்வியையும் முதலில் பாருங்கள். தவறாக இருந்தால் புதிய டிஎஸ்-160 நிரப்பி, அதன் எண்ணை நேர்காணலுக்குச் சில நாட்கள் முன்னதாகவே முன்பதிவில் மாற்றிவிடுங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.